ஏன் அந்த வருடம்? உயர்தரத்துக்கு நவீன உலக வரலாறு படிப்பவர்களுக்கு

சித்தியின் மகள் இந்த முறை உயர்தரம் எழுதுகிறாள், கலைப் பிரிவு. போன மாதம் வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அறைச் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தே போனேன். மஞ்சள் துண்டுத் தாள்களில் வருடங்களும் சம்பவங்களுமாகச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறாள், காற்றாடி சுற்றும்போது எல்லாம் சேர்ந்து படபடக்கிறது. "216 இருக்கு அண்ணா, 180 பாடமாக்கிட்டேன்" என்றாள். நான் ஒன்றைத் தொட்டு, "1882?" என்றேன். "முக்கூட்டு உடன்படிக்கை. ஜேர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி." மூச்சுவிடாமல் சொல்லிவிட்டாள். சரி, ஏன் 1882? 1872 இல் ஏன் இத்தாலி போய்ச் சேரவில்லை?

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். டியூஷன் வகுப்பில் கொடுக்கும் குறிப்புத் தாளான டியூட்டில் அது இல்லை.

விடை சின்னது. 1881 இல் பிரான்ஸ் தூனிசியாவைப் பிடித்துக்கொண்டது, அந்த இடத்தின்மேல் இத்தாலிக்கும் ஒரு கண் இருந்தது, அந்தக் கோபத்தில் அடுத்த வருடமே பிரான்சுக்கு எதிரி யாரோ அவர்களோடு போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் 1882 ஐத் தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. இத்தாலி அந்தக் கூட்டில் மனம் ஒட்டாமல் இருந்ததும், 1915 இல் மறுபக்கம் தாவியதும் கூட ஆச்சரியமாகத் தெரியாது, கோபத்தில் சேர்ந்தவன் கோபம் தீர்ந்தால் போவான்.

நான் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். எந்தச் சம்பவத்தைப் படித்தாலும் "ஏன் நடந்தது?" என்று மட்டும் கேட்காமல், "ஏன் அப்போது நடந்தது, அதற்குமுன் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டுப் படியுங்கள். "ஏன் நடந்தது" என்றால் டியூட் நாலு காரணம் கொடுத்துவிடும், நீங்களும் அதை அப்படியே ஒப்புவித்துவிடுவீர்கள். "ஏன் அப்போது" என்றால் டியூட் பேசாது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் கையில் என்ன இருக்க வேண்டும்

மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும். ஆசிரியருக்கு என்று போட்டிருப்பதால் மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை, ஆனால் எந்த அலகில் எது வரை போக வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கிறது. அப்புறம் கடந்தகால வினாத்தாள்கள், கிடைத்தால் புள்ளியிடும் திட்டத்தோடு. பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கை ஏதாவது கைக்கு வந்தால் விடாதீர்கள், பிள்ளைகள் எங்கே கோட்டை விட்டார்கள் என்று அதில் புட்டுப்புட்டு வைத்திருப்பார்கள். டியூட் இரண்டு பேருடையது போதும். மூன்றாவது டியூஷன் சேரிடம் போகும் நேரத்தில் வீட்டில் ஒரு கட்டுரை எழுதலாம், இதை நான் அனுபவித்தே சொல்கிறேன், சனிக்கிழமை காலையில் கொட்டாஞ்சேனையிலும் பின்னேரம் பம்பலப்பிட்டியிலும் வகுப்பு என்று ஓடி கடைசியில் மூன்று பேருடைய டியூட்டும் வாசிக்கப்படாமல் கட்டில் அடியில் கிடந்தன.

ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். இடப்பக்கம் சம்பவம், வலப்பக்கம் "ஏன் அப்போது?" வலப்பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: வைக்கோல், வெயில், நெருப்புக்குச்சி. வைக்கோல் என்றால் பல வருடமாகக் குவிந்து கிடக்கும் காரணங்கள். வெயில் என்றால் கடைசி சில வருடங்களில் அதைக் காய வைத்தவை. நெருப்புக்குச்சி அந்த நாளில் நடந்தது. வைக்கோற்போரும் ஒரு போர்தானே, மறக்காது. பெரும்பாலான விடைத்தாள்களில் வைக்கோல் நிறைய இருக்கும், குச்சியும் இருக்கும், நடுவில் வெயில் காணாது. புள்ளி போவது அங்கேதான்.

1914 ஐ ஒருமுறை முழுதாகச் செய்து பார்ப்போம்

முதலாம் உலகப் போருக்கான காரணங்கள் என்று எந்த டியூட்டைத் திறந்தாலும் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்று நாலு தலைப்பு இருக்கும். நாலும் சரிதான். ஆனால் இந்த நாலும் 1908 இலும் இருந்தன, 1911 இலும் இருந்தன. அப்போது ஏன் போர் வரவில்லை?

1908 இல் ஆஸ்திரியா-ஹங்கேரி பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சேர்பியா கொதித்தது, ரஷ்யா பின்னால் நிற்கும் என்று எதிர்பார்த்தது. ரஷ்யாவோ 1904-05 இல் ஜப்பானிடம் அடிவாங்கி, 1905 இல் உள்நாட்டிலும் புரட்சியைப் பார்த்துக் களைத்துப் போயிருந்தது. ஜேர்மனி ஆஸ்திரியாவின் பக்கம் நின்று அதட்டியதும் 1909 இல் ரஷ்யா பின்வாங்கியது. அதாவது போர் வராததற்குக் காரணம் ரஷ்யாவின் பலவீனம். ஆனால் அந்த அவமானம் உள்ளே தங்கிவிட்டது, இன்னொருமுறை விட்டுக்கொடுத்தால் பால்கனில் தன்னை யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற எண்ணமும் சேர்ந்தே தங்கியது.

1911 இல் மொரோக்கோ. ஜேர்மனி அகடிர் துறைமுகத்துக்கு ஒரு பீரங்கிப் படகை அனுப்பியது, பிரித்தானியா பிரான்சின் பக்கம் நின்றது, ஐரோப்பாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கடைசியில் மொரோக்கோ பிரான்சுக்கு, கொங்கோவில் ஒரு துண்டு ஜேர்மனிக்கு என்று முடித்துக்கொண்டார்கள். காணிச் சண்டை மாதிரி, யாரோ மூன்றாவது ஆளின் காணியை வெட்டிப் பங்குபோட்டால் சண்டை அடங்கும். ஆபிரிக்காவில் அது முடிந்தது. பால்கனில் அப்படிப் பங்குபோட முடியாது, ஏனென்றால் அங்கே கேள்வி ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற பேரரசு இருக்குமா இல்லையா என்பது. இந்த வித்தியாசத்தை ஒரே வரியில் எழுதினாலே உங்கள் கட்டுரை மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

1912-13 பால்கன் போர்கள்தான் அந்த வெயில். ஒட்டோமான் பேரரசு ஐரோப்பாவில் வைத்திருந்த நிலத்தில் அநேகமாக எல்லாவற்றையும் இழந்தது, சேர்பியா ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருத்தது. ஆஸ்திரியாவின் எல்லைக்குள் இருந்த, சேர்பியரோடு இனத்தொடர்புள்ள தென் ஸ்லாவியர்கள் அந்தச் சேர்பியாவைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற பயம் வியன்னாவுக்கு. பேர்லினில் வேறொரு கணக்கு ஓடியது: ரஷ்யா படையைப் பெருப்பிக்கிறது, பிரான்சின் கடனில் ரயில்பாதை போடுகிறது, 1917 அளவில் அந்த வேலை முடிந்துவிட்டால் அதன்பிறகு வெல்ல முடியாது, வருவது இப்போதே வரட்டும்.

இனி 1914 ஐப் பாருங்கள். ஜூன் 28 பொஸ்னியாவின் சரஜேவோவில் ஆஸ்திரிய முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் கொல்லப்படுகிறார். ஜூலை தொடக்கத்தில் ஜேர்மனி ஆஸ்திரியாவுக்கு "என்ன செய்தாலும் பின்னால் நிற்கிறோம்" என்று கொடுத்த வெற்றுக் காசோலை, ஜூலை 23 சேர்பியாவுக்கு 48 மணி நேர இறுதி எச்சரிக்கை, 28 போர்ப் பிரகடனம், 30 ரஷ்யாவின் முழுப் படைதிரட்டல். ஜேர்மனியின் ஷ்லீபன் திட்டப்படி ஆறு வாரத்தில் பிரான்சை முடித்துவிட்டுத்தான் ரஷ்யா பக்கம் திரும்ப வேண்டும், ஆகவே ரஷ்யா படைதிரட்டத் தொடங்கிய கணத்திலிருந்து ஜேர்மனிக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். ஓகஸ்ட் 1 ரஷ்யாமீதும் 3 பிரான்ஸ்மீதும் போர் அறிவித்து, 4 இல் பெல்ஜியத்துக்குள் நுழைய, 1839 உடன்படிக்கையில் பெல்ஜியத்தின் நடுநிலைக்குக் கையெழுத்து வைத்திருந்த பிரித்தானியாவும் அன்றே இறங்கியது. சரஜேவோவிலிருந்து 37 நாள்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் சித்தி மகளிடம் கொப்பியை மூடச் சொல்லிவிட்டு 1904, 1908, 1911, 1912 என்று கேட்டேன். தடுக்காமல் சொன்னாள். பாடமாக்கவில்லை, கதையில் அவை இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது, அதனால் நின்றுவிட்டன. அன்று இரவே சுவரில் பாதி மஞ்சள் தாள் கழன்றது, மீதியையும் கழற்று என்று நான் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்குச் சுவரில் ஏதாவது இருந்தால்தான் நித்திரை வரும்.

இதைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு வெற்றுப் படம் வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பால்கன் பகுதி. சேர்பியா எங்கே, பொஸ்னியா எங்கே என்று பென்சிலால் நாலு தடவை கீறினால் போதும். படம் தெரியாமல் பால்கனைப் படிப்பது கொழும்பைத் தெரியாத ஆளுக்கு 100 ஆம் இலக்க பஸ் எங்கெங்கே நிற்கும் என்று வாயால் சொல்வது போல.

1933, இதில்தான் நான் விழுந்தேன்

பதின்மூன்றாம் வகுப்புத் தவணைப் பரீட்சையில், ஹிட்லர் ஆட்சிக்கு வர, முதலாம் உலகப் போர் முடிந்ததும் ஜேர்மனிமீது சுமத்திய வேர்செயில்ஸ் உடன்படிக்கை எந்தளவுக்குக் காரணம் என்று ஒரு கேள்வி. எனக்கு வேர்செயில்ஸ் தண்ணிபட்ட பாடு. இழப்பீடு, 231 ஆம் உறுப்புரை, ஒரு இலட்சம் பேர் படை, அல்சாஸ்-லொறெயின், ரைன் பிரதேசம் என்று ஐந்து பக்கம் கொட்டினேன். 20 க்கு 9. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: "கேள்வி எங்கே?"

அந்த மிஸ்மீது ஒரு வாரம் கோபமாக இருந்தேன். பிறகு இந்த எண்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஜேர்மன் நாடாளுமன்றத்தில் நாசிக் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 1928 மே மாதம் 12, 1930 செப்டெம்பரில் 107, 1932 ஜூலையில் 230, 1932 நவம்பரில் 196.

இந்த நாலு எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். வேர்செயில்ஸ் கையெழுத்தானது 1919 இல். அதுதான் காரணம் என்றால் ஒன்பது வருடம் கழித்து வெறும் 12 ஆசனம் ஏன்? 1923 இல் பாண் வாங்க மூட்டை மூட்டையாகக் காசு கொண்டுபோன பணவீக்கக் காலத்திலேயே ஹிட்லர் மியூனிக்கில் கலகம் செய்து பார்த்தார், பிடிபட்டு உள்ளே போனார். 1924 இலிருந்து அமெரிக்கக் கடன் வரத் தொடங்க ஜேர்மனி மூச்சுவிட்டது, கட்சி ஒரு மூலையில் கிடந்தது. 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை விழுந்து அமெரிக்கர்கள் கடனைத் திருப்பிக் கேட்டதும்தான் 12 என்பது 107 ஆனது. 1932 இல் வேலையில்லாதவர்கள் ஏறத்தாழ 60 இலட்சம். ஆகவே வேர்செயில்ஸ் வைக்கோல், 1929 இல் தொடங்கிய அந்த உலகப் பொருளாதாரச் சரிவு, அதாவது பெருமந்தம், வெயில்.

இதோடு நிறுத்துபவர்கள் நல்ல புள்ளி எடுப்பார்கள். மிக நல்ல புள்ளி கடைசி எண்ணில் இருக்கிறது: நவம்பரில் ஆசனம் குறைந்திருக்கிறது! கட்சி இறங்குமுகத்தில் இருக்கும்போது, மூன்று மாதத்துக்குள், 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் எப்படிச் சான்சலர் ஆனார்? மக்கள் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை. பாப்பன் போன்ற பழமைவாத அரசியல்வாதிகள், இந்த ஆளைக் கூட்டணிக்குள் வைத்து நாங்கள் ஆட்டுவிக்கலாம் என்று கணக்குப்போட்டு, முதிய ஜனாதிபதி ஹின்டன்பேர்க்கைச் சம்மதிக்க வைத்தார்கள். நெருப்புக்குச்சி அந்த மூடிய அறையில்தான் உரசப்பட்டது. பெப்ரவரி 27 நாடாளுமன்றக் கட்டடம் எரிகிறது, மார்ச் 23 அதிகாரமளிக்கும் சட்டம் நிறைவேறுகிறது, அத்தோடு முடிந்தது கதை.

"எந்தளவுக்கு" என்று ஒரு சொல் கேள்வியில் இருந்தால் அது தராசைக் கேட்கிறது. ஒரு தட்டில் வேர்செயில்ஸ், மறுதட்டில் பெருமந்தமும் அந்த அறையும். நான் ஒரு தட்டை மட்டும் நிரப்பிவிட்டு எழும்பி வந்திருக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே விரித்துக்கொள்ளலாம். ரஷ்யப் புரட்சிக்குக் கேள்வி, 1905 இல் கவிழாத சார் மன்னர் 1917 இல் ஏன் கவிழ்ந்தார்? 1905 இல் படை பெரும்பாலும் அவர் பக்கம் நின்றது, 1917 இல் பெற்றோகிராட் நகரத்துப் படையினரே கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார்கள். பெப்ரவரிப் புரட்சி மார்ச்சிலும் ஒக்டோபர்ப் புரட்சி நவம்பரிலும் வருவது அச்சுப்பிழை இல்லை, ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்னால் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவுக்கு, 1956 இல் ஹங்கேரியிலும் 1968 இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அடங்கிப்போனது 1989 இல் ஏன் அடங்கவில்லை? முன்னைய இரண்டு முறையும் சோவியத் டாங்கிகள் வந்தன, 1989 இல் கோர்பச்சேவ் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதுதான் கட்டுரை.

கொழும்பில் இருப்பது உங்களுக்கு வசதி

உலக வரலாறு என்றால் எங்கேயோ பனி கொட்டும் ஊரில் நடந்தது என்ற நினைப்பில் படித்தால் அலுப்புத்தான் வரும். பொது நூலகத்துக்குப் படிக்கப் போகிறீர்கள்தானே, பக்கத்தில் விகாரமகாதேவிப் பூங்காவில் உயரமாக ஒரு வெள்ளைத் தூண் நிற்கும், அதன் படியில் இருந்து சோர்ட் ஈட்ஸ் சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்கு அது முதலாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது என்று தெரியும்? முதலில் அது காலிமுகத்திடலில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அதை அடையாளமாக வைத்துச் சுடும் என்ற பயத்தில் கழற்றிக்கொண்டு வந்து இங்கே நட்டார்கள்.

பயம் வீணில்லை. 1942 ஏப்ரல் 5, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. வந்தது பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே நகுமோ தளபதியின் கப்பற்படை. எதிர்த்துப் போன பிரித்தானிய விமானங்களில் ஒரு பகுதி குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மேலெழும்பியது, இப்போது ரேஸ்கோர்ஸ் என்று உடுப்பு வாங்கப் போகிறோமே அதே இடம். ஏன் 1942 ஏப்ரல்? பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்துவிட்டது, மார்ச்சில் ரங்கூன், பிரித்தானியாவின் கீழைத்தேயக் கப்பற்படைக்கு இருந்த புகலிடங்களில் இலங்கை முக்கியமானது. பசிபிக் போர் அத்தியாயத்தை இந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் ஒரு நாளில் முடிந்துவிடும்.

வீட்டில் அம்மம்மா யாரையாவது "அவன் சரியான எம்டன்" என்று திட்டினால் அதுவும் 1914 தான். எம்டன் ஒரு ஜேர்மன் போர்க்கப்பல், செப்டெம்பர் 22 இரவு மதராசில் எண்ணெய்த் தாங்கிகளைப் பீரங்கியால் சுட்டு எரித்துவிட்டு இந்து சமுத்திரத்தில் கண்ணாமூச்சி ஆடி, நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவருகே அகப்பட்டது. ஐரோப்பியச் சண்டையை ஏன் உலகப் போர் என்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கொரியாவிலிருந்து இந்தோனேசியாவின் பண்டுங் வரை போகும் சங்கிலி. 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்க, உலகம் றப்பரை வாங்கிக் குவிக்க, விலை ஏறி இலங்கைக்கு நல்ல காசு. பின்னர் றப்பர் விலை விழுந்தது, அரிசி விலையோ ஏறியது. 1952 டிசம்பரில் இலங்கை கம்யூனிஸ்ட் சீனாவோடு றப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது, அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அப்போது நாங்கள் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினரே இல்லை, சோவியத் ஒன்றியம் வீட்டோவால் தடுத்துக்கொண்டிருந்ததால் 1955 டிசம்பரில்தான் உள்ளே போனோம். அதாவது அமெரிக்காவின் கோபமும் ரஷ்யாவின் தடையும் ஒரே நேரத்தில். அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் இடையிலான கெடுபிடிப் போரில் சின்ன நாட்டின் நிலை என்ன என்று கேட்டால் இந்த ஒரு வரியை வைத்தே ஒரு பந்தி எழுதலாம். ஒப்பந்தம் வந்தும் கஜானா தாங்கவில்லை. 1953 இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது, ஓகஸ்ட் 12 ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக, சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். 1954 இல் அவர்தான் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியப் பிரதமர்களைக் கொழும்புக்கு அழைத்து மாநாடு நடத்தினார், அந்த ஐந்து நாடுகளும் சேர்ந்து அழைத்ததுதான் 1955 ஏப்ரல் பண்டுங் மாநாடு, 29 நாடுகள். அங்கே விதைத்தது அணிசேரா இயக்கமாக முளைத்து, 1976 ஓகஸ்டில் ஐந்தாவது உச்சிமாநாட்டுக்கு கொழும்புக்கே வந்தது, சீனா கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க மண்டபத்தில்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் உங்கள் ஞாபகத்துக்குக் கொளுக்கி, விடைத்தாளை நிரப்பும் சாமான் இல்லை. பேர்ள் துறைமுகத்தைக் கேட்டால் ரேஸ்கோர்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு வராதீர்கள்.

சொல் தொல்லை

தமிழ் மொழிமூலத்தில் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு தலையிடி உண்டு. எங்கள் பாடப்புத்தகத்தில் கெடுபிடிப் போர், இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தில் பனிப்போர். இங்கே கைத்தொழிற் புரட்சி, அங்கே தொழிற்புரட்சி. வேர்செயில்ஸ், வெர்சாய், வெர்செய்ல்ஸ் எல்லாம் ஒரே ஊர். தோழி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை கெடுபிடிப் போரும் பனிப்போரும் இரண்டு வேறு போர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், சிரிக்காதீர்கள், பனி என்றதும் ரஷ்யாவில் நடந்த சண்டையாக்கும் என்று நினைத்தாளாம். கொப்பியின் கடைசி இரண்டு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். இடப்பக்கம் பாடத்திட்டத்தில் உள்ள சொல், வலப்பக்கம் மற்றவர்கள் எழுதும் சொல். பரீட்சையில் எப்போதும் இடப்பக்கத்துச் சொல்லை எழுதுங்கள், கட்டுரை முழுக்க ஒரே எழுத்தில்.

கட்டுரைக்கு வருவோம்

கேள்வியை வாசித்ததும் பேனையை வையுங்கள். "விபரிக்க", "விளக்குக", "ஆராய்க", "மதிப்பிடுக" என்று எது இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம். விபரிக்க என்றால் என்ன நடந்தது, விளக்குக என்றால் எப்படி, ஏன். ஆராய்க, மதிப்பிடுக என்று வந்தால் உங்கள் தீர்ப்பு வேண்டும். பிறகு ஓரத்தில் ஐந்தாறு வரியில் எலும்புக்கூடு. நாலு நிமிடம் போகும், போகட்டும், பக்கத்து மேசைப் பிள்ளை அதற்குள் மேலதிகத் தாள் கேட்டாலும் பதறாதீர்கள்.

தொடக்கப் பந்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "முதலாம் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடைபெற்றது. இது மனிதகுலம் கண்ட மாபெரும் அழிவுகளில் ஒன்றாகும். இதற்குப் பல காரணங்கள் உள்ளன." மூன்று வாக்கியம், ஒரு புள்ளிக்கும் ஆகாது. திருத்துகிறவர் இதைக் காலையிலிருந்து நூறு தடவை வாசித்திருப்பார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஐரோப்பியக் கூட்டணி முறைமை 1908 இலும் 1911 இலும் நெருக்கடிகளைச் சந்தித்தும் போர் மூளவில்லை. எனவே 1914 போருக்குக் கூட்டணிகள் மட்டும் காரணமாகா. பால்கன் போர்களின் பின்னர் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் விட்டுக்கொடுக்க இயலாத நிலையை அடைந்தமையே தீர்க்கமான மாற்றம் என்பதை இக்கட்டுரை காட்டும்." இங்கேயும் மூன்று வாக்கியம்தான், ஆனால் வாதம் எழும்பி நின்றுவிட்டது, மிச்சப் பந்திகள் அதற்குப் பின்னால் வரிசையாக வரும்.

ஒவ்வொரு பந்தியும் முடிகிற வாக்கியத்தில் கேள்வியின் சொல் ஒன்றாவது திரும்ப வரட்டும். வராவிட்டால் நீங்கள் எங்கேயோ உல்லாசப் பயணம் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

வினாத்தாள் செய்யும் முறை பற்றி ஒன்று. பத்து வருடத்துத் தாளை வாங்கி வைத்துவிட்டு எல்லாம் படித்து முடித்த பிறகு செய்யலாம் என்று இருக்காதீர்கள், முடிவதே இல்லை. ஓர் அலகு முடிந்த அன்றே அந்த அலகில் வந்த கேள்விகளை எடுத்து, ஒன்றுக்கு முழுக் கட்டுரையும் மற்றவற்றுக்கு எலும்புக்கூடு மட்டும் எழுதுங்கள். மணிக்கூட்டை வைத்து, பேனையால், கையால். போனில் தட்டி எழுதிப் பழகிய விரல் பரீட்சை மண்டபத்தில் இரண்டாவது மணியில் வலிக்கத் தொடங்கும், அந்த வலியை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. எழுதியதை யாராவது ஒருவரிடம் கொடுங்கள், வரலாறு படித்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. அப்பாவிடம் கொடுத்து "நான் என்ன சொல்ல வாறன் என்று விளங்குதா?" என்று கேட்டாலே பாதிப் பிழை தெரிந்துவிடும்.

நேற்று இரவு சித்தி மகள் போன் எடுத்தாள். கொரியா சங்கிலியைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாளாம். "அண்ணா, அரிசி 1952 இலேயே விலைதானே, றப்பரும் அப்பவே விழுந்திட்டுது. அப்ப ஏன் அந்த வருசமே 25 சதத்தைக் கூட்டாமல் 1953 வரைக்கும் இருந்தவை?" எனக்கு உடனே வரவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "1952 மே மாசம் தேர்தல்."